வகுப்புப் பாடமும் வீட்டுப் பாடமும்

பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் கற்பிப்பது பாதிக் கல்வி. பிள்ளை அதனைத் தானே மறுபடியும் செய்து பார்ப்பது மறுபாதி. அந்த மறுபாதிக்கென்று ஏற்பட்டதே வீட்டுப் பாடம். ஆயினும் கிராமங்களில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில் வாசிக்கும் பிள்ளைகள் பலருக்கு அது பெரும் பாரமாக இருக்கிறது. மாலையில் ஆடுமாடுகளைப் பார்ப்பதும், தண்ணீர் எடுத்து வைப்பதும், தம்பி தங்கையரைக் கவனிப்பதும் அவர்கள் பொறுப்பாக உள்ளன. பாடம் எழுதாமல் பள்ளிக்குப் போக அஞ்சி, முதலில் ஒரு நாள் நின்று, பின்பு ஒரு வாரம் நின்று, முடிவில் பள்ளியையே விட்டுவிடும் பிள்ளையும் உண்டு. ஆகவே வீட்டுப் பாடத்தை எவ்வளவு கொடுப்பது, எதைக் கொடுப்பது, கொடுத்ததை எவ்வாறு கேட்பது என்னும் மூன்றும் உபாத்தியாயரோடு ஊராரும் கவனிக்க வேண்டிய விஷயங்களாகும். ஸ்ரீவைகுண்டத்தையும் அதனைச் சூழ்ந்த தாமிரபரணிக் கரை ஊர்களையும் மனத்திற்கொண்டு, நடுநிலைப் பள்ளிகளில் கையாளத்தக்க ஒரு முறை இங்கே கூறப்படுகிறது.

திண்ணைப் பள்ளிக்கூடத்து வழக்கம்

வீட்டுப் பாடம் நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் கல்வி நிலையைப் பற்றி விசாரணை நடத்தச் செய்தார். 1826ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன. அதாவது ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அவற்றுட் பெரும்பாலானவை திண்ணைகளிலும் சாவடிகளிலும் நடந்த சிறு பள்ளிகளே.

அப்பள்ளிகளிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினார்கள். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் இருந்த அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்பவர், இத்தகைய மணலெழுத்து முறையைக் கண்டு தம் பள்ளியிலும் கைக்கொண்டு, 1797ஆம் ஆண்டில் அதனைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்கும் அம்முறை அந்நாட்டில் ‘மதராஸ் முறை’ என்ற பெயராலேயே பரவிற்று.

உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் தாம் படித்த திண்ணைப் பள்ளிகளின் வழக்கம் ஒன்றைக் குறித்திருக்கிறார். மாலையிற் பிள்ளைகள் வீடு திரும்பும்போது உபாத்தியாயர் பூ, பறவை, மிருகம், ஊர் முதலியவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்புவார். மறுநாட் காலையில் அவர்கள் அவற்றை ஞாபகமாகச் சொல்ல வேண்டும். இதனைவிடச் சிறிய வீட்டுப் பாடம் வேறு இருக்க முடியாது. ஆனால் அதில் இரண்டு நல்ல அம்சங்கள் உள்ளன. ஒன்று, எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய அளவே கொடுக்கப்பட்டது. மற்றொன்று, கொடுத்தது மறுநாள் தவறாமற் கேட்கப்பட்டது. திண்ணைப் பள்ளியின் பிரம்பையும் கொடுந் தண்டனைகளையும் தள்ளிவிட வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்திருக்கிறது. சிறிது கொடுத்து, மறுநாட் கேட்கும் ஒழுங்கை மாத்திரம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது

இந்திய அரசின் கல்வி அமைச்சகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை இதற்கு ஓர் அளவு காட்டியிருக்கிறது. முதலிரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப் பாடம் கூடாது. மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு வாரத்திற்கு இரண்டு மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்பது அதன் வரம்பு.

ஒரு மணி நேரம் என்பது கேட்பதற்கு எளிது. நடைமுறையில் அது மீறப்படுவது எவ்வாறெனில், ஐந்து பாடங்களுக்குரிய ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கு அரை மணி வேலை கொடுத்தால் இரண்டரை மணி ஆகிவிடும். எவர் கொடுத்ததும் அதிகமன்று. கூட்டிப் பார்த்தாற்றான் அதிகம். ஆதலால் வகுப்பறைக் கரும்பலகையின் ஒரு மூலையில் அன்றைய வீட்டுப் பாடத்தை எழுதி வைப்பது நலம். பின்னே வரும் ஆசிரியர் முன்னவர் கொடுத்ததைப் பார்த்துக்கொள்வார். நாள்தோறும் ஒரு பாடத்தில் மாத்திரம் அரை மணி எழுத்து வேலை, மற்றொரு பாடத்தை மறுபடி வாசிக்கக் கால் மணி, பிள்ளை தான் விரும்பிய புத்தகத்தை வாசிக்கக் கால் மணி, ஆக ஒரு மணி என்று பகுத்துக்கொள்ளலாம்.

எதைக் கொடுப்பது: ஒரு வாரத்துக்கு மாதிரி

வகுப்பில் எழுதியதையே மூன்று தரம் திருப்பி எழுதச் சொல்வதாற் கை வலிக்குமேயன்றி அறிவு வளராது. பிள்ளை வசிக்கும் இடத்தைக் கொண்டே பாடத்தை அப்பியாசம் செய்விக்கலாம்.

திங்கள், தமிழ்: மடை, மதகு, கலிங்கு, வரப்பு, நாற்றங்கால் என்னும் ஐந்து சொற்களுக்கும் வீட்டிலுள்ள பெரியவரிடம் பொருள் கேட்டு, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் அமைத்து எழுதுக. எழுத்தறியாத பாட்டியும் இப்பாடத்தில் பேரப்பிள்ளைக்கு ஆசிரியராகலாம். குமரகுருபரர் பிறந்த ஊரில் தமிழ்ச் சொற்களைத் தேடுவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

செவ்வாய், கணக்கு: ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் நீர் ஆகும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த அளவு மழை 40 சதுர மீட்டர் மாடியில் பெய்தால் எத்தனை லிட்டர்? 38,000 லிட்டர் என்று விடை காணும் பிள்ளை, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கியதன் காரணத்தையும் உணரும்.

புதன், சமூக அறிவியல்: பொதிகை மலையிலிருந்து புன்னைக்காயல் வரையில் தாமிரபரணியின் படத்தை வரைந்து, எட்டு அணைக்கட்டுகளையும் குறிக்க. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பன அவை. கடைசியிலுள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கட்டப்பட்டது. அதிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன. மேலேயுள்ள ஏழு அணைகளும் எடுத்துக்கொண்ட பின்பு கடைசி அணைக்கு நீர் வருவதால் இப்பகுதிப் பயிருக்கு என்ன விளையும் என்று மூன்று வாக்கியம் எழுதுக.

வியாழன், அறிவியல்: கால்வாய் நீர் ஒரு கண்ணாடித் தம்ளரிலும், குழாய் நீர் மற்றொன்றிலும் இரவு முழுதும் அசையாமல் வைத்து, காலையில் அடியிற் படிந்ததைப் பார்த்து எழுதுக. கால்வாய் நீரைப் பெரியவர்களே எடுத்துத் தர வேண்டும். பிள்ளைகள் தனியே ஆற்றுக்கோ கால்வாய்க்கோ போகலாகாது.

வெள்ளி, மீண்டும் கணக்கு: ஒருவர் 10,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியிற் கடன் வாங்கினால் வருஷ வட்டி எவ்வளவு? நூற்றுக்கு வருஷம் 12 ரூபாய் வட்டியானால் எவ்வளவு? முன்னது 2,400 ரூபாய். பின்னது 1,200 ரூபாய். ‘இரண்டு வட்டி’ என்று வாயாற் சொல்லும்போது சிறிதாகத் தோன்றுவது உண்மையில் எத்தனை என்பதை, ஏழாம் வகுப்புப் பிள்ளை தன் பெற்றோருக்கு அன்றிரவு படித்துக் காட்டுமாயின், அப்பாடத்தின் பயன் வீட்டுக்கே வந்து சேரும்.

சனி, ஞாயிறு ஆகிய நாட்களுக்கு எழுத்து வேலை வேண்டியதில்லை. ஆதிச்சநல்லூர் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய ஜாகோரும், பின்னர் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்து முதுமக்கள் தாழிகளைக் கண்ட அந்தப் பறம்பை, பெரியவர்களுடன் ஒருமுறை பார்த்து வருவது எந்த எழுத்து வேலைக்கும் குறைந்ததன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 1953ஆம் ஆண்டில் சென்னை ராஜ்யத்தில் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்திற் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்னும் திட்டம் கொண்டுவரப்பட்டது. அது குலத்தொழிலிற் பிள்ளைகளைக் கட்டிவைக்கும் என்று பெரும் எதிர்ப்புத் தோன்றி, காமராஜர் முதலமைச்சரான பின் 1954ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. வயலையும் வாய்க்காலையும் பாடமாக்குவது, உழவர் பிள்ளை உழவனாகவே இருக்க வேண்டும் என்பதற்காக அன்று. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதற்காகவே. அவ்வாறே வீட்டு வேலையைப் பெண் பிள்ளையின் வீட்டுப் பாடமாகக் கருதுவதும் தகாது. அண்ணனுக்குரிய ஒரு மணி தங்கைக்கும் உரியது.

எவ்வாறு கேட்பது

கொடுத்த பாடத்தைக் கேளாமல் விடுவது, வரவு எழுதி இருப்பைச் சரிபாராத கணக்குப் புத்தகத்தை ஒக்கும். நாளடைவிற் பிழையும் பொய்யும் சேரும். ஆனால் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிஷமானாலும் 80 நிமிஷம் வேண்டும். பாடவேளையோ அதிற் பாதிதான். இதற்கு வழி உண்டு. வகுப்பை எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரித்து, நாளுக்கு ஒரு குழுவின் நோட்டுகளை ஆசிரியர் முழுதும் பார்க்க வேண்டும். அதற்கு 16 நிமிஷம் போதும். மற்றக் குழுக்களிற் பிள்ளைகள் நோட்டை மாற்றிக்கொண்டு, கரும்பலகையில் எழுதிய விடையுடன் ஒப்பிடலாம். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் நோட்டும் ஆசிரியர் கண்ணிற் படும். பிழைக்கு வெறுஞ் சிவப்புக் கோடு போடுவதைவிட, சரியான விடையை அருகில் எழுதுவது நல்லது.

எழுதி வராத பிள்ளையை நிற்க வைப்பதற்கு முன், ஏன் எழுதவில்லை என்று தனியே கேட்க வேண்டும். நெல் அறுப்பு நாட்களிலும் வாழைத்தார் வெட்டும் நாட்களிலும் ஒரே பிள்ளை தொடர்ந்து எழுதாமல் வந்தால், குறை பிள்ளையினிடத்தில் இல்லை. பெற்றோரோடு பேசி, அந்த ஒரு மணியைக் காப்பாற்றித் தர ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஊரார் கடமை

இடமும் வெளிச்சமும் இல்லாத வீட்டில் எந்தத் திட்டமும் பலிக்காது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ முறையில், தன்னார்வலர்கள் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை மாலையில் ஓரிடத்திற் கூட்டி, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் பாடம் பழக்கினார்கள். அதனைப் போலவே ஒவ்வொரு தெருவிலும் ஒரு திண்ணையோ, நூல்நிலையமோ, சமுதாயக் கூடமோ மாலை ஆறு முதல் ஏழு மணி வரையில் பிள்ளைகளுக்கென்று திறந்திருக்கலாம். எந்தச் சாதிப் பிள்ளையும் எந்தத் தெருப் பிள்ளையும் தடையின்றி வந்து அமரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவர் உடனிருந்தாற் போதும்; அவர் விடையைச் சொல்லிக் கொடுக்கலாகாது, வழியைக் காட்டலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவார் மாதக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையைக் குறிப்பேட்டிற் பதிவு செய்வார்களாக. சென்ற மாதம் எந்த வகுப்பிலேனும் வீட்டுப் பாடம் ஒரு மணிக்கு மேற்பட்டதா? ஒவ்வொரு பிள்ளையின் நோட்டும் வாரம் ஒருமுறை பார்க்கப்பட்டதா? மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளைகள் யார், அவர்கள் வீட்டுக்கு யார் போய் வந்தார்கள்? மூன்றாம் கேள்விக்கு விடையில்லாத ஊரில், கூட்டம் முடிந்த அன்று மாலையே குழுவாரில் இருவர் அந்த வீடுகளுக்குப் போய் வருவது உத்தமம்.