வெளிநோக்கி விலகும் கண்கள்

குழந்தையின் கண் மாறியிருந்தால் அது அதிர்ஷ்டத்தின் அறிகுறி என்று கூறும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் மறையவில்லை. கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழருக்கும் இது புதிதன்று. இந்நம்பிக்கையால் மருத்துவரை நாடும் காலம் தள்ளிப்போவதே கவலைக்குரியது.

நேராக நோக்க வேண்டிய கண் காதுப்புறமாக விலகுவது வெளிமாறுகண் எனப்படும். குழந்தைகளிடம் இது பெரும்பாலும் விட்டுவிட்டே தோன்றும். தொலைவில் நோக்கும்போதும், களைப்பு, காய்ச்சல் ஆகிய வேளைகளிலும் கண் விலகும். மற்ற நேரங்களில் நேராக நிற்கும். கடும் வெயிலில் குழந்தை ஒரு கண்ணை மூடிக்கொள்வதும் இதன் அடையாளமாக இருக்கலாம்.

இதனால் விளையும் தீங்கு யாது? இரு கண்களும் தரும் பிம்பங்களை மூளை ஒன்றாக இணைப்பதால்தான் பொருள்களின் ஆழத்தை நாம் நுட்பமாக உணர்கிறோம். கண் விலகும்போது மூளை அக்கண்ணின் பிம்பத்தைப் புறக்கணித்துவிடுகிறது. விலகல் மிகுந்தால் இணைந்து காணும் திறன் குன்றக்கூடும்.

அறுவைச் சிகிச்சை

ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, இரு கண்களிலும் வெளிப்புறத் தசையை விழியினின்று பிரித்துச் சில மில்லிமீட்டர் பின்னே தைப்பது ஒரு முறை. இதனால் தசையின் இழுவிசை தளர்கிறது. ஒரே கண்ணில் வெளித்தசையைத் தளர்த்தி உட்தசையைக் குறுக்குவது மற்றொரு முறை. இரண்டிலும் விழியின் உட்பகுதியைத் திறப்பதில்லை.

பயனும் எல்லையும்

இவ்விரு முறைகளையும் 197 குழந்தைகளிடம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. மூன்றாண்டுகளுக்குள் போதிய பலன் கிட்டாதோர் முதல் முறையில் சுமார் 46 விழுக்காடு; இரண்டாம் முறையில் 37 விழுக்காடு. இவ்வேறுபாட்டைக் கொண்டு ஒரு முறையே சிறந்தது எனத் துணிய இயலவில்லை. கத்தி தசையைத் திருத்துகிறதேயன்றி, கண்களை இணைத்து நிறுத்தும் மூளையின் ஆற்றலை நேரடியாகத் திருத்துவதில்லை. ஆதலின் சிலருக்குக் கண் மீண்டும் விலகுகிறது. மறு சிகிச்சையும் தேவைப்படலாம்.

எனவே எல்லாக் குழந்தைகளுக்கும் உடனே அறுவை வேண்டுவதில்லை. விலகல் அரிதாக இருப்பின், தேவையான கண்ணாடி அணிவித்துக் கண்காணிப்பதே போதுமானதாகலாம். விலகும் நேரம் பெருகினாலோ, ஆழம் உணரும் திறன் குறைந்தாலோ அறுவையைக் கருத வேண்டும்.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், தங்கவயல் மக்கள் பலர் வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூர் சென்று வருகின்றனர். 1896-இல் தோன்றிய மின்டோ அரசு கண் மருத்துவமனை அந்நகரில்தான் உள்ளது. குழந்தையையும் ஒருநாள் உடன் அழைத்துச் செல்லுதல் நலம். அறுவைக்குப் பின் கண் நேரானாலும், மருத்துவர் குறித்த நாள்களில் தவறாது காட்டிவருவது பெற்றோர் கடமையாகும்.