மழை விட்ட வெயிலும் 150 வோல்ட்டும்

சோலாரில் குளிரைக் கணக்குப் பார்ப்பது ஊட்டிக்காரர்களும் லடாக்கில் இருக்கும் ராணுவத்தினரும் செய்யவேண்டிய வேலை, அஞ்சுகிராமத்துக்கு அது எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். கடலோர ஊர், மார்கழியிலும் போர்வை தேடாத ஊர். ஆனால் மொட்டை மாடியிலோ தென்னந்தோப்பிலோ பேட்டரியோடு சோலார் வைப்பவர்களுக்கு இந்த எண்ணம் ஒரு சார்ஜ் கன்ட்ரோலரையே பலி வாங்கிவிடலாம்.

பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் என்று ஒரு எண் இருக்கும். மின்சாரம் எதுவும் இழுக்கப்படாதபோது பேனல் காட்டும் வோல்டேஜ் அது. இன்று பரவலாக விற்கும் 540 வாட் பேனலில் அது ஏறக்குறைய 49.5. மூன்றை சீரீஸில் கோத்தால் 148.5. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நிற்கும் கன்ட்ரோலர் தாங்கும் எல்லை 150 வோல்ட் என்றால் எல்லாம் அடங்கிவிட்டது போலத் தெரியும்.

அந்த 49.5 என்பது பேனலின் செல் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. செல் ஒரு டிகிரி குளிர்ந்தால் வோல்டேஜ் சுமார் 0.28 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் மூன்று பேனல்களும் சேர்ந்து 150.6 வோல்ட்டைத் தொடும். போதாக்குறைக்குப் பல பேனல்களின் லேபிளிலேயே கூடக்குறைய 3 சதவீதம் மாறலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியே 148.5-ஐ 150-க்கு மேலே தள்ளிவிடப் போதும். இதே மூன்று பேனல்களை ஊட்டியில் உறைபனி விழும் காலையில், 0 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய 159. லே நகரின் மைனஸ் 20 டிகிரியில் 167.

உச்சி வெயிலில்தான் வோல்டேஜ் எகிறும் என்பது இன்னொரு நம்பிக்கை. வெளிச்சம் கூடினால் கூடுவது பெரும்பாலும் ஆம்பியர்தான். வெப்பமோ வோல்டேஜைக் குறைக்கிறது. சிலிக்கான் சூடாகச் சூடாக உள்ளுக்குள்ளேயே மின்னேற்றங்கள் ஒன்றையொன்று சந்தித்து வீணாவது அதிகரிக்கிறது. ஒவ்வொரு செல்லும் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இழக்கிறது. சித்திரை வெயிலில் காற்று 35 டிகிரி என்றால் பேனலின் செல் 60 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்று பேனலுக்கு 134 வோல்ட் காட்டும். இன்னும் 16 வோல்ட் இடம் இருக்கிறது என்று அவர் நிம்மதியாக இறங்கிவிடுவார். நேர்மையாக எடுத்த அளவுதான் அது. எடுத்த நேரம்தான் தவறு.

அப்படியானால் ஆபத்தான நேரம் எது? வெளிச்சம் பலமாகவும் செல் குளிர்ந்தும் இருக்கும் நேரம். கருக்கலின் மங்கல் வெளிச்சத்திலேயே வோல்டேஜின் பெரும்பங்கு வந்துவிடும், ஆனால் முழு உயரத்தை எட்ட நல்ல வெயில் வேண்டும். அஞ்சுகிராமம் இருப்பதோ தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பார்க்கும் மாவட்டத்தில். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பேனலை நனைத்துக் குளிரவைத்துவிட்டுப் போகும். மேகம் விலகியதும் சுள்ளென்று வெயில் அடிக்கும். மேகத்தின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் சேர்ந்துகொண்டால் அந்த வெளிச்சம் ஆய்வுக்கூட அளவையே மிஞ்சும். பேனல் சூடேறச் சில நிமிடங்கள் ஆகும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் கணவாய்க் காற்றும் சேர்ந்து வீசினால் இன்னும் தாமதமாகும். இந்த ஊரில் அஞ்ச வேண்டியது மார்கழிப் பனியைவிட இந்தச் சில நிமிடங்களைத்தான்.

கூடுதல் வோல்டேஜைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும் என்று கடைகளில் சொல்லக் கேட்கலாம். ஆம்பியர் விஷயத்தில் அதில் பாதி உண்மை இருக்கிறது: பேனல் கூடுதலாகத் தரமுடிந்தாலும் பல எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர்கள் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்டேஜ் அப்படியல்ல. அது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள்மேலும் கெப்பாசிட்டர்கள்மேலும் நேரடியாக விழுகிறது. பேட்டரி நிரம்பியதும் கன்ட்ரோலர் இழுப்பதை நிறுத்தும், பேனல் தன் முழு வோல்டேஜை நோக்கி ஏறும். ஆக, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நினைக்கும் நேரத்திலேயே கன்ட்ரோலர்மேல் அழுத்தம் மிக அதிகம். சில கருவிகள் அன்றன்றைய உச்ச வோல்டேஜைப் பதிந்தும் வைக்கின்றன. எல்லை மீறியது அதில் தெரிந்தால் வாரண்டி கேட்பது கடினம்.

24 வோல்ட் பேனல் என்ற பெயரை நம்பி இரண்டை 50 வோல்ட் எல்லையுள்ள கன்ட்ரோலரில் சீரீஸாகச் சொருகுவதும் இதே வகைத் தவறு. அந்தப் பெயர் எந்த பேட்டரிக்கு ஏற்றது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அப்படி விற்கும் 72 செல் பேனல் ஒவ்வொன்றும் திறந்த நிலையில் 45 வோல்ட் அளவுக்குத் தரும்.

பயந்துபோய் எல்லாவற்றையும் பேரலலாகப் போடுவதும் வழியல்ல. 48 வோல்ட் பேட்டரி நிரம்ப 57 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வெயிலில் சூடான ஒற்றைப் பேனல் 36 வோல்ட் அளவில்தான் வேலை செய்யும். இரண்டு சீரீஸ் என்றால் சூட்டிலும் 70 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், இந்த ஊர்க் குளிரிலும் 105-க்குள் அடங்கும். எனவே 150 வோல்ட் கன்ட்ரோலரோடு மூன்று பேனல் வைத்திருப்பவர் நான்காவதை வாங்கி இரண்டிரண்டாகக் கோக்கலாம், அல்லது 250 வோல்ட் கன்ட்ரோலருக்கு மாறலாம். பேட்டரி 24 வோல்ட் என்றால் மூன்றையும் பேரலலாகவே விடலாம். அப்போது ஒவ்வொரு பேனலுக்கும் தனி டி.சி. ஃப்யூஸ் அவசியம். ஒன்றில் கோளாறு வந்தால் மற்ற இரண்டின் மின்னோட்டமும் அதற்குள் பாயும்.