தொப்பிக்கும் காது கொடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை இரண்டு முறை கேட்டேன். கணக்கில் ஓரிடத்திலும் பிசகில்லை. கடைசிக் கோர்வை கச்சிதமாகச் சமத்தில் வந்து இறங்கியது. கை தேர்ந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். வலக்கை தேறிவிட்டது, இடக்கை தேறவில்லை. வலக்கைப் பக்கமான வலந்தலையில் விழும் சொல்லுக்கெல்லாம் அது ஆமாம் போடுகிறதே தவிர, தானாக ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளைக்கு மோரா, கோர்வை போன்ற முடிப்புக் கணக்குகளையெல்லாம் ஒதுக்கிவை. காலைச் சாதகத்தில் தத் தித் தொம் நம் மட்டும் போதும், அதுவும் முதல் காலத்தில். அங்கேதான் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒலி அடங்குவது கேட்கும். நம் வாசிக்கையில் மோதிரவிரல் வலந்தலையின் நடுவிலுள்ள கருப்பு வட்டமான கரணையின் ஓரம் பட்டும் படாமலும் நிற்க, ஆள்காட்டி விரல் விளிம்புத் தோலான மீட்டில் விழ வேண்டும். மோதிரவிரல் சற்று அழுத்திவிட்டாலும் நாதம் செத்துவிடும். வெறும் தோலை அடித்தால் கிளம்பும் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. நடுவில் ஏற்றிய கரணையின் எடைதான் மிருதங்கத்தில் அவற்றை இசைய வைக்கிறது என்று இயற்பியலாளர் சி.வி. ராமன் 1920-லேயே எழுதினார். அந்த இசைவு உன் விரல் நுனியில் காப்பாற்றப்படவும் செய்யும், கெடவும் செய்யும்.

இனி இடக்கைப் பக்கமான தொப்பி. அதில் ரவையைப் பிசைந்து ஒட்டிவிட்டு நீ அதை மறந்துவிடுகிறாய். ஏ.சி. அரங்கில் ரவை சீக்கிரம் காயும். காயக் காய ஒலியின் சுருதி மேலே ஏறும். முக்கிய உருப்படிக்கு வரும்போது தொம் மெலிந்து போயிருப்பதை இடக்கை முதலில் உணர வேண்டும். உணர்ந்தால் ஈரவிரலால் ஒரு தடவு தடவிச் சரிசெய்துகொள்வாய். உன் பதிவின் பிற்பாதியில் இது நடக்கவில்லை.

கும்கியை அள்ளித் தெளிக்காதே. அடித்த ஒலி அடங்குமுன் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தி நகர்த்துகிறோமே, அந்த இழைவுக்குப் பாட்டில் ஓர் இடம் கிடைக்க வேண்டும். மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளையின் பழைய பதிவுகளைத் தேடிக் கேள். அவர் இடக்கைக்காரர், வலந்தலை இடக்கையில், தொப்பி வலக்கையில். வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டுமென்றால் அவர் பாடகரின் மறுபக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். இதனாலேயே அவருக்குப் பல மேடைகள் எளிதில் அமையவில்லை. அவர் தொப்பியில் எங்கே பேசுகிறார் என்பதைவிட, எங்கே சும்மா இருக்கிறார் என்று கவனி. அந்த மௌனத்துக்குப் பின் வரும் அடி பாட்டோடு சேர்ந்து விழும்.

பாலக்காடு மணி ஐயரையும் கேள். 1966-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர், அதைப் பெற்ற முதல் மிருதங்கக்காரர். மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றவர். வலந்தலைக்கும் தொப்பிக்கும் உள்ள அளவைக் கையே தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு அவர் வாசிப்பே சாட்சி. இன்று தொப்பிப் பக்கம் தனி மைக் வைத்து ஒலிப்பதிவாளர் அந்த வேலையைச் செய்துவிடுகிறார். உனக்கு அது வசதியாக இருக்கிறது. எனக்குக் கவலையாக இருக்கிறது. வீட்டில் வாசிக்கும்போதாவது ஒருவரை எதிர்ச்சுவரோரம் உட்காரவைத்து, தொம் அங்கே வந்து சேர்கிறதா என்று கேட்டுக்கொள்.

இன்னொன்று. உன் வாத்தியத்துக்குத் தோல் மூட்டு போடுகிறவரிடம் போய் ஒரு பகல் முழுக்க உட்கார். மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் மிருதங்கம் செய்த தஞ்சாவூர் பர்லாந்தின் கைகள் இருந்தன. மிருதங்கம் செய்யும் அப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் தனிப் புத்தகமே எழுதினார். மேடையில் நாம் வாங்கும் கைத்தட்டலில் அவர்களுக்குச் சேர வேண்டியது இன்னும் போய்ச் சேரவில்லை. உன் மூட்டுக்காரர் கரணைக்காகக் கல்பொடியையும் சோற்றையும் சேர்த்து அரைத்து, மெல்லிய பூச்சாக அப்பி, கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடியும் அப்புவதைப் பார். ஒவ்வொரு பூச்சுக்கும் அவர் விரலால் தட்டிக் கேட்பார். தொப்பிக்கு எந்தத் தோலை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று நீயே அவரிடம் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்