செலேட் என்றால் நண்டுக் கொடுக்கு

நுண்ணூட்டப் பாக்கெட் எதை எடுத்தாலும் இப்போது ‘செலேட்டட்’ என்ற சொல் இருக்கிறது. செலேட்டட் ஜிங்க், செலேட்டட் அயர்ன். சாதா சல்பேட்டைவிட விலை பல மடங்கு கூடுதல். பயிற்சிக்கு வரும் உழவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதுதான்: “அண்ணா, செலேட்டுன்னா என்ன சத்து அது? நாம விடலாமா, கூடாதா?”

செலேட் சத்தே இல்லைங்க. அது ஒரு பிடி.

மார்கன், ட்ரூ என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1920-ல் வைத்த பெயர் இது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார்கள். தமிழில் ‘கொடுக்கிணைப்பு’ என்கிறோம். மூலச்சொல்லைவிட நம் சொல் தெளிவு என்பேன். ஆனால் தேள் கொடுக்கை நினைத்துவிடாதீர்கள், இது வயல் நண்டின் கொடுக்கு. வரப்பு நண்டு இரையை எப்படி இரண்டு பக்கமும் கவ்வுகிறதோ, அப்படி ஒரு மூலக்கூறு ஓர் உலோக அணுவை இரண்டு, மூன்று, சில நேரம் ஆறு இடங்களில் கவ்விக்கொள்வதுதான் கொடுக்கிணைப்பு. ஒரு விரலால் பிடித்தால் நழுவும், கொடுக்கால் கவ்வினால் சுலபத்தில் நழுவாது.

இந்தப் பிடி பயிருக்கு எதற்கு? செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். அதே மண்ணில் கடலை ஏன் இரும்பு இல்லாமல் மஞ்சளடிக்கிறது? அங்கே இரும்பு துருவாகக் கிடக்கிறது. துரு தண்ணீரில் கரையாது, வேருக்குள் போகாது. மண்ணின் பி.எச். ஒரு புள்ளி ஏறினால் இப்படிப்பட்ட இரும்பின் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சுண்ணாம்பு மண்ணில் பி.எச். 8-ஐத் தாண்டும். வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறது, ஆனால் அறை பூட்டிக் கிடக்கிறது என்ற கதைதான். இன்னொரு மூட்டை வாங்கிப் போட்டு என்ன பயன்? சாவி வேண்டும். சாவிதான் இந்தக் கொடுக்கு.

அந்தச் சாவியைப் பயிர் தானே செய்துகொள்ளும் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். புல் இனப் பயிர்கள், அதாவது மக்காச்சோளம், பார்லி போன்றவை, இரும்புப் பஞ்சம் வந்தால் வேரிலிருந்து கொடுக்கு மூலக்கூறுகளைக் கசியவிடும். அவை துருவிலிருந்து இரும்பைக் கவ்வி எடுத்து வேருக்குக் கொண்டுவரும். நிலக்கடலைக்கு இந்த வித்தை தெரியாது. அது வேரைச் சுற்றி அமிலம் விட்டு இரும்பைக் கரைக்கப் பார்க்கும். சுண்ணாம்பு அந்த அமிலத்தைத் தின்றுவிடும்.

வட சீனத்துச் சுண்ணாம்பு நிலங்களில் இதற்கொரு நல்ல சான்று கிடைத்தது. தனியாகப் போட்ட நிலக்கடலை மஞ்சளடித்தது. மக்காச்சோளத்தோடு ஊடுபயிராகப் போட்டபோது, சோளத்துக்குப் பக்கத்து வரிசைகள் பச்சையாக நின்றன. 2000-ல் வெளிவந்த ஆய்வு இது. சோள வேர் கவ்விய இரும்பில் கடலைக்கும் பங்கு போயிருக்கிறது. ஊடுபயிர் போட்டால் வரும்படி மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மக்கிய எருவிலும் கொடுக்குகள் ஏராளம். மக்கில் இருக்கும் ஹியூமிக், ஃபல்விக் அமிலங்கள் இரும்பு, துத்தநாகம், செம்பு மூன்றையும் பிடித்து வைக்கும். ஃபல்விக் சின்னது, தண்ணீரோடு நகர்ந்து வேர்வரை போகும்.

அப்புறம் நம்ம சூடோமோனாஸ். இரும்பு குறைவான இடத்தில் அது சிடரோஃபோர் என்ற கொடுக்கை வெளியே அனுப்பி இரும்பைத் தனக்குச் சுருட்டிக்கொள்ளும். வாடல் நோய்ப் பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் பட்டினி. அது நோயைத் தடுக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். அதில் பெரும்பாலும் இருப்பது இ.டி.டி.ஏ. 1930-களில் ஜெர்மனியில், சாயத் தொழிலில் கடின நீரின் சுண்ணாம்பைக் கட்டிப்போட உருவாக்கிய செயற்கைப் பொருள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சுண்ணாம்பைப் பிடிக்கவே பிறந்த கொடுக்கு அது. இரும்பை ஏற்றிச் சுண்ணாம்பு மண்ணில் விட்டால், இரும்பைக் கீழே போட்டுவிட்டுச் சுண்ணாம்பைக் கவ்விக்கொள்ளும். அதனால் கார மண்ணில் இ.டி.டி.ஏ. இரும்பைத் தரையில் விடுவது காசுக்குக் கேடு. அங்கே தாக்குப்பிடிப்பது இ.டி.டி.எச்.ஏ. என்ற வேறொன்று, விலை இன்னும் அதிகம். அதுவும் செயற்கைதான். சான்றிதழ் வாங்கியவர்கள் இரண்டையும் கேட்காமல் தொடக்கூடாது.

வாங்குவதற்கு முன் இலையைப் பாருங்கள். அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு எளிதில் நகராது, அதனால்தான் குருத்து முதலில் காட்டுகிறது. தண்ணீர் தேங்கினாலும் கடலை இப்படி வெளிறும். அப்போது வடித்தாலே போதும், எந்தப் பாக்கெட்டும் வேண்டாம்.

உண்மையிலேயே இரும்புக் குறைதான் என்றால், 10 லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி 50 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம். முதலில் சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள், பிறகு அன்னபேதி. எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம்தான், இங்கே அதுதான் கொடுக்கு. போர்த் தண்ணீரில் வெறும் அன்னபேதியைக் கரைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகக் கலங்கித் துரு படியும். சிட்ரிக் சேர்த்தது தெளிவாக நிற்கும். இரண்டு கண்ணாடி டம்ளரில் செய்து பாருங்கள். கரைத்ததை அன்றைக்கே, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளிக்கணும். அன்னபேதிக்கும் சான்றிதழ்க்காரர்கள் முன்அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பட்டத்தில் எருவைக் கூட்டி, பத்து வரிக் கடலைக்கு நடுவே இரண்டு வரி மக்காச்சோளம் போட்டு, எந்த வரிசை பச்சையாக நிற்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.