தொளதொளக்காத குஷன் உறை

சோபா குஷனின் உறை சுருங்கித் தொங்கினால் தையலைத்தான் குறை சொல்வோம். பெரும்பாலும் தவறு தையலில் இல்லை, வெட்டுவதற்கு முன் எடுத்த அளவில் இருக்கிறது. பாலியஸ்டர் ஃபைபர் அடைத்த குஷன் நன்றாக அமுங்கும். அதனால் 16 அங்குலக் குஷனுக்கு, தைத்து முடித்த உறை 15 அங்குலம் இருந்தால்தான் பஞ்சு மூலைவரை போய் நிரம்பும். இலவம் பஞ்சைக் கெட்டியாகத் திணித்த திண்டு அவ்வளவு விட்டுக்கொடுக்காது. அதற்கு அரை அங்குலம் குறைத்தால் போதும். கடைச் சீட்டில் உள்ள எண்ணை நம்பாமல், ஓரத் தையலை ஒட்டி டேப் பிடித்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பருத்தித் துணியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போடும்வரை கத்தரியைத் தொடவே வேண்டாம். நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினாலும் 16 அங்குலத்தில் முக்கால் அங்குலம் போய்விடும். கைத்தறித் துணியில் ஓரிழையை உருவி எடுத்துவிட்டு, அந்தத் தடத்திலேயே வெட்டுங்கள். இழை கோணினால் உறை ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். பிறகு எந்த இஸ்திரியாலும் அதை நேராக்க முடியாது.

இனி மூலை. நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். துணியைச் சரியான சதுரமாக வெட்டித் தைத்தால், குஷனின் நடுப்பகுதி உப்பி, மூலைகள் மட்டும் காதுபோல நீட்டிக்கொண்டு நிற்கும். தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு, 16 அங்குலச் சதுரமாக வெட்டிய துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு ஓரங்களிலும் 4 அங்குலத்தில் புள்ளி வையுங்கள். மூலையில், இரு ஓரங்களிலிருந்தும் அரை அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு புள்ளி. சாக்கட்டியால் அவற்றை இணைத்து வெட்டுங்கள். வெட்டிய துணி கோணலாகத் தெரியும், கவலை வேண்டாம். குஷன் உள்ளே போனதும் சதுரமாகிவிடும். பின்துண்டையும் இதே அளவில் வெட்ட வேண்டும்.

ஜிப் இல்லாமல், பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து மூடும் உறை சுலபம். 16க்கு 11 அங்குலத்தில் இரண்டு துண்டுகள் எடுத்து, நடுவில் வரும் ஓரங்களை ஒவ்வொரு அங்குலம் மடித்துத் தைத்தால், 4 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதற்குக் குறைந்தால் இறுக்கத்தில் வாய் பிளந்து பஞ்சு தெரியும். அடிக்கடி துவைக்கிற வீட்டுக்கு நான் ஜிப்பையே சொல்வேன். பின்துண்டின் கீழ்ப்பகுதியில் ஜிப்பை முதலில் பொருத்தி, அதைப் பாதி திறந்து வைத்துவிட்டுச் சுற்றுத் தையல் போடுங்கள். அப்போதுதான் உறையைப் புரட்ட வழி இருக்கும்.

மூலைக்கு வந்ததும் ஊசியைத் துணியில் இறக்கி வைத்தபடியே திருப்பி, குறுக்காக ஓரிரு தையல் போட்டால் முனை அழகாக வரும். பிசிர் விடும் துணிக்கு ஓவர்லாக் கட்டாயம். புரட்டும்போது முனையைக் கத்தரியால் குத்தித் தள்ளாதீர்கள், தையல் கிழியும். பென்சிலின் மழுங்கிய பக்கம் போதும். குஷனை இரண்டாக மடித்து உள்ளே நுழைத்து, கையை விட்டு நான்கு மூலைக்கும் பஞ்சைத் தள்ளிவிடுங்கள்.