முயல் வீட்டில் சண்டை
(செல்லப்பிராணி கேள்வி-பதில். பதில் அளிப்பவர்: கால்நடை மருத்துவர்)

கேள்வி: எட்டு மாதப் பெண் முயலுக்குத் துணையாக இன்னொரு பெண்ணை வாங்கி, அதே கூண்டில் விட்டேன். உடனே புதுசின் காதைக் கடித்துக் கிழித்துவிட்டது. சாதுப் பிராணி ஏன் இப்படி? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: சாது என்று யார் சொன்னது? பருவத்துக்கு வந்த பெண் முயலுக்குக் கூண்டுதான் வளை. அதற்குள் அந்நியரை இறக்கியது நீங்கள், முயலைக் கோபிக்காதீர்கள். காயம் ஆறட்டும். இரண்டு கூண்டுகளையும் ஒரு சாண் தள்ளி எதிரெதிரே வையுங்கள். ஒட்டி வைத்தால் கம்பி வழியே மூக்கைக் கடிக்கும். டிரேக்களை மாற்றி மாற்றி வையுங்கள், வாசனை பழகும். பிறகு இரண்டுமே இதுவரை மிதிக்காத இடத்தில் கொஞ்ச நேரம் விடுங்கள்: மாடி அறை, பக்கத்து வீட்டு வராந்தா. டைல்ஸ் வழுக்கும், பாய் விரியுங்கள். துரத்தும், மேலே ஏறும், முடி பறக்கும், பொறுத்திருங்கள். தலைப்பக்கம் ஏறினால் மட்டும் இறக்கிவிடுங்கள். கட்டிப்பிடித்துச் சுழன்று கடித்தால் நடுவே துடைப்பத்தை நீட்டுங்கள். கையை விட்டால் தையல் உங்களுக்குத்தான். ஒன்றையொன்று நக்கிக்கொடுத்து ஒட்டிப் படுக்கும்வரை இரவில் சேர்த்து வைக்க வேண்டாம். கருத்தடை ஆபரேஷன் ஆகாத இரண்டு பெண்களிடம் இவ்வளவும் செய்தாலும் நிலைப்பது கஷ்டம். கீழே மதுரைக்காரருக்குச் சொன்னதையும் படியுங்கள்.

கேள்வி: இரண்டும் பெண் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். இன்று காலை ஐந்து குட்டிகள்! (வாசகர், வேளச்சேரி)

பதில்: வாழ்த்துகள். அப்பாவை இப்போதே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். அடுத்த மாதம் இன்னொரு ஐந்து.

கேள்வி: எங்கள் முயலுக்கு மூன்றரை வயது. அவ்வப்போது மாதவிடாய் போல ரத்தத் துளிகள், கட்டிகள். பெண்தானே, இயல்பு என்று விட்டுவிடலாமா? (வாசகி, கோவை)

பதில்: முயலுக்கு மாதவிடாய் கிடையாது. சிறுநீர் ஒரே சீராகச் சிவந்திருந்தால் தீவனத்தின் நிறம் என்று சொல்லலாம். கட்டியாக ரத்தம் என்றால் கர்ப்பப்பையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பத்திரிகைக்கு எழுதிய நேரத்தில் ஸ்கேன் எடுத்திருக்கலாம் அம்மா. இன்றே போங்கள்.

கேள்வி: ஆறு மாதப் பெண் முயல், வீட்டில் ஆண் கிடையாது. கருத்தடை ஆபரேஷன் தேவையா? ஒரு தடவை குட்டி போட்டால் நோய் வராது, ஆபரேஷன் இயற்கைக்கு விரோதம் என்கிறார் அம்மா. எனக்கோ மயக்க மருந்தில் போய்விடுமோ என்று பயம். (வாசகர், மதுரை)

பதில்: செய்யுங்கள். ஆண் இல்லை என்பதால் கர்ப்பப்பை சும்மா இருப்பதில்லை. நாய், பசு மாதிரி முயலுக்கு முறை வைத்துப் பருவம் வராது; இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளியாகும். அதுவரை உடம்பு பெரும்பாலும் தயார் நிலையிலேயே இருக்கும். அந்த ஹார்மோனில் வருடக்கணக்கில் ஊறும் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து, புற்றுக்குப் போகிறது. சில இனங்களில் நான்கு வயதைத் தாண்டிய பெண்களில் பாதிக்கு மேல் இந்தப் புற்று கண்டறியப்பட்டிருக்கிறது. நுரையீரலுக்குப் பரவிய பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்கள், ‘நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது டாக்டர்’ என்று. குட்டி போட்டதும் போடாததும் இதில் ஒன்றுதான். இயற்கையைப் பற்றி அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: காட்டில் நான்கு வயதைப் பார்க்கும் முயல் அபூர்வம், நரி முந்திக்கொள்ளும். வீட்டில் எட்டு, பத்து வயதுவரை வளர்க்க நினைக்கும் நாம் இயற்கையைத் துணைக்கு அழைப்பது நியாயமில்லை.

உங்கள் பயம் நியாயம். 2008-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆரோக்கியமான முயல்களில் ஆயிரத்துக்கு ஏழு மயக்க மருந்தோடு தொடர்புடைய மரணம். நாயை விடப் பல மடங்கு அதிகம். அவற்றில் பெரும்பாலானவை மேஜையில் நடந்ததல்ல, ஆபரேஷன் முடிந்த பிறகு. அதனால் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘முந்தின இரவு பட்டினி போட வேண்டுமா?’ ஆம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல்தான் நின்றுபோகும். முடிந்ததும் உடம்புச் சூடு குறையாமல் பார்க்க வேண்டும், வலி மருந்து வேண்டும், அன்றைக்கே புல் கடிக்க வேண்டும். அரை நாள் புழுக்கை விழவில்லையா, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆறு மாதம் நல்ல வயது. கத்திரி வெயிலில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஆண் முயலுக்கு நேற்று ஆபரேஷன் ஆனது. நாளை பெண்ணோடு விடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஆறு வாரம் கழித்து. உள்ளே மிச்சம் இருக்கும் விந்தே குட்டிகளுக்குப் போதும்.

கேள்வி: ஜோடியில் ஒன்றுக்குப் பல் பிரச்சினை. மருத்துவமனையில் ஓர் இரவு தங்க வேண்டுமாம். மற்றது வீட்டில் தனியாக இருக்குமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: இருக்கும். ஆனால் போனது ஆஸ்பத்திரி வாசனையோடு திரும்பும்போது அடையாளம் தெரியாமல் அடிக்கலாம். ஸ்ரீரங்கத்து அம்மாவுக்குச் சொன்னதை எல்லாம் நீங்களும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள். டாக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.