பாதி என்றால் எதில் பாதி?

"பாதிக்கு மேல ஓட்டு விழுந்தாதான் ஜெயிப்பு." தேர்தல் வந்தால் சென்னை யானைக்கவுனி டீக்கடைகளிலும் இந்தக் கணக்கு ஓடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. களத்தில் நிற்கும் மற்ற ஒவ்வொருவரையும் விட ஒரே ஒரு ஓட்டு கூட இருந்தால் போதும். இந்தப் பக்கத்துத் துறைமுகம் தொகுதியில் 1991இல் மு. கருணாநிதி கரையேறியது வெறும் 890 ஓட்டில்.

அதே தேர்தல் இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற அளவில் இடம் கிடைக்கும் என்பது அந்த நம்பிக்கை. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் வீசிய அலையில் திமுக மாநிலம் முழுக்க 22 சதவீத ஓட்டு வாங்கியது. கிடைத்த இடங்கள் 2. அதிமுகவோடு கூட்டணி சேர்ந்து, குறைந்த தொகுதிகளில் மட்டுமே நின்ற காங்கிரஸ் வாங்கியது 15 சதவீதம், இடங்கள் 60. தோற்ற தொகுதியில் விழுந்த ஓட்டு அந்தத் தொகுதியோடு முடிந்துபோகிறது, வேறெங்கும் போய்ச் சேர்வதில்லை. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் குரல் 234 பேர் சபையில் இரண்டு நாற்காலிக்குள் அடங்கியது சாதாரண விஷயமல்ல.

அமெரிக்காவில் மட்டும் என்ன? 2016இல் ஹிலாரி கிளின்டன் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினார். அதிபரானவர் டொனால்ட் டிரம்ப். அங்கே முடிவு செய்வது 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் தங்கள் தேர்வாளர்கள் அத்தனை பேரையும் அந்த மாநிலத்தில் முந்தியவருக்கே கொடுத்துவிடுகின்றன.

சபைக்குள் வந்தால் கணக்கு மறுபடி மாறும். நம் சட்டமன்றத்தில் எந்த மசோதாவுக்கும் 118 பேர் கை தூக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண மசோதாவுக்கு, அன்று வந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் போதும். அமெரிக்க செனட்டிலோ 100 பேரில் 51 பேர் ஆதரித்தாலும், பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும்.

நம் நாடாளுமன்றத்தில் அரசியல் சட்டத்தைத் திருத்துவது இன்னும் கடினம். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் வேண்டும், ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1970 செப்டம்பரில் முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்கும் மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது ஆதரவு 149, எதிர்ப்பு 75. பார்வைக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு வெற்றிதான். ஆனால் 224 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கு 150 பேர் வேண்டும். ஒருவர் குறைந்ததால் மசோதா விழுந்தது. மானியம் ஒழிய 1971 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.